எண்ணெய் நிரப்பிய மின்மாற்றியின் மேல் தண்ணீர் தெளிப்பது ஆபத்தில்லையா?

களனி ஆற்றங்கரைப் பக்கமுள்ள உங்கள் தொழிற்சாலையின் 33 கிலோவோல்ட் மின்மாற்றிக்கு நிலையான நீர்த் தெளிப்புத் தொகுதி பொருத்துமாறு காப்புறுதி நிறுவனம் கேட்கிறது என்றும், மின்சாரம் உள்ள இடத்தில் தண்ணீர் எப்படிப் பாதுகாப்பாகும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் இத்தகைய தொகுதிகளைப் பரிசோதித்துப் பராமரிப்பது என் தொழில். ஒழுங்காக வடிவமைத்த தொகுதியில் தண்ணீரால் வரும் ஆபத்து மிகக் குறைவு. பொருத்திய பின் கவனிக்காமல் விட்ட தொகுதிகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை.

தீயணைப்புப் படையினரின் குழாயிலிருந்து பாய்வது அறுபடாத நீர்த்தாரை என்பதால் அதன் வழியே மின்சாரம் திரும்பி வரக்கூடும். தெளிப்பு நொசிலிலிருந்து வருவனவோ காற்றால் பிரிக்கப்பட்ட துளிகள். போதிய இடைவெளி இருக்கும்வரை மின்சாரம் அவற்றைக் கடந்து குழாய்க்கு வருவதில்லை. இந்த இடைவெளியை அமெரிக்காவின் தேசிய தீப்பாதுகாப்புச் சங்கத்தின் என்.எஃப்.பி.ஏ. 15 நியமம் அட்டவணையாகத் தந்திருக்கிறது. உபகரணத்தின் மின்காப்பு மட்டம் (வழமையான மின்னழுத்தம் அல்ல; மின்னல் போன்ற திடீர் மின்னழுத்தத்தைத் தாங்கும் அளவு) 200 கிலோவோல்ட் என்றால், தெளிப்புத் தொகுதியின் எந்தப் பகுதியும் மின்னோட்டமுள்ள, காப்பிடப்படாத பகுதியிலிருந்து குறைந்தது 330 மில்லிமீற்றர் விலகியிருக்க வேண்டும். 650 கிலோவோல்ட் என்றால் 1270 மில்லிமீற்றர். புஷிங்குகளின் (மின்கம்பி தாங்கிக்குள் நுழையும் இடத்திலுள்ள காப்புக் குழல்களின்) மேல் நேரடியாக அடிக்கும்படி நொசில்களைத் திருப்பக்கூடாது. தீ உணரப்பட்டவுடன் மின்மாற்றியின் இணைப்பும் துண்டிக்கப்படும்படி அமைக்குமாறு நான் எப்போதும் வற்புறுத்துவேன். கையால் திறக்கும் வால்வும் எட்டக்கூடிய தூரத்தில், புகைக்கு வெளியே இருக்க வேண்டும்.

மின்மாற்றியிலுள்ள கனிம எண்ணெயின் ஆவி, நெருப்புப் பட்டால் பற்றிக்கொள்ளும் வெப்பநிலை ஏறக்குறைய 140 பாகை செல்சியஸ். வேகமாக வந்து விழும் துளிகள் எண்ணெயின் மேற்பரப்பைக் குளிர்விப்பதோடு, அதனுடன் கலந்து தற்காலிகமாக எரியாத குழம்பாகவும் ஆக்குகின்றன. எழும் நீராவி காற்றை விலக்குகிறது. ஆனால் உள்ளே மின்வில் ஏற்பட்டுத் தாங்கி வெடித்த மின்மாற்றியை எந்தத் தெளிப்பும் மீட்டுத் தராது. பக்கத்து மின்மாற்றியையும் கட்டடத்தையும் காப்பதற்காகவே இவ்வளவு செலவும் என்பதை உங்கள் முகாமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அடுத்தது தண்ணீரின் அளவு. மேற்சொன்ன நியமப்படி மின்மாற்றியைச் சுற்றிய கற்பனைப் பெட்டியின் பரப்புக்குச் சதுர மீற்றருக்கு நிமிடத்துக்கு 10.2 லீற்றரும், எண்ணெய் பரவக்கூடிய தரைக்கு 6.1 லீற்றரும் வேண்டும். 5 மீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், 4 மீற்றர் உயரம் என்று வைத்துக்கொண்டால் நான்கு பக்கமும் மேற்பரப்பும் சேர்ந்து 92 சதுர மீற்றர். தரை 40 சதுர மீற்றர். நிமிடத்துக்கு ஏறத்தாழ 1180 லீற்றர் ஆகிறது. இதனுடன் தீயணைப்பாளரின் குழாய்களுக்காக 946 லீற்றரையும் சேர்த்து ஒரு மணித்தியாலத்துக்குக் கணக்கிட்டால், கிட்டத்தட்ட 1,28,000 லீற்றர், அதாவது பத்தாயிரம் லீற்றர் பவுசர்கள் பதின்மூன்று. நகரக் குழாய்நீரை நம்பி இதைச் செய்ய முடியாது. தனித் தாங்கியும், மின்சாரம் நின்றாலும் ஓடும் டீசல் பம்பியும் அவசியம்.

தெளித்த தண்ணீர் எங்கே போகும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. எரியும் எண்ணெய் தண்ணீரில் மிதக்கும். மின்மாற்றியின் அடியிலுள்ள கற்குழி சிறியதாக இருந்தால் அது நிரம்பி, தீ பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ச் சேரும். தென்மேற்குப் பருவமழையில் குழி பாதி நிறைந்து கிடக்கும், அதை வடிப்பதற்காகத் திறந்த வால்வை மூட மறந்துவிடுவார்கள்; அந்த வடிகால் களனி ஆற்றில் போய் விழுமானால், கொழும்பு குடிக்கும் தண்ணீரின் மூலத்துக்கே எண்ணெய் போய்ச் சேரக்கூடும். குழியின் கொள்ளளவை எண்ணெய், தெளிப்பு நீர் இரண்டையும் சேர்த்தே கணக்கிட வேண்டும், இல்லையேல் எண்ணெய் பிரிப்பான் ஒன்று வேண்டும்.

பராமரிப்பில் நான் முதலில் பார்ப்பது நொசில்களை. தீ உணரப்பட்டதும் திறந்து எல்லா நொசில்களுக்கும் ஒரேயடியாகத் தண்ணீர் விடும் டெலூஜ் வால்வுக்கு அப்பாலுள்ள குழாய்கள் வெறுமையாகவும் திறந்தும் இருப்பதால் குளவிகளுக்கு அவை வசதியான வீடு. நொசிலைக் கழற்றிக் கையில் தட்டினால் காய்ந்த மண்ணுருண்டை பொலபொலவென்று உதிர்வதைப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் அழுத்தத்தில் தானே கழன்று விழும் மூடிகள் கிடைக்கின்றன. கேட்டு வாங்கிப் போடுங்கள். கடற்காற்று படும் இடங்களில் உட்புறம் கறள் பிடித்து, முதல் தடவை தண்ணீர் பாயும்போது அதன் செதில்கள் நொசில் துவாரங்களில் வந்து அடைத்துக்கொள்ளும். வடிகட்டியைக் கழற்றிக் கழுவ வேண்டிய வேலை ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருந்தாலும் செய்யப்படுவது அபூர்வம். காவலாளி அறிந்தோ அறியாமலோ மூடிவிட்ட வால்வு ஒன்றே முழுத் தொகுதியையும் பயனற்றதாக்கிவிடும். பிரதான வால்வைத் திறந்த நிலையில் சங்கிலியிட்டுப் பூட்டி வையுங்கள்.

கட்டட நிலவறைகளிலுள்ள, எண்ணெயே இல்லாத வார்ப்பு ரெசின் மின்மாற்றிகளுக்கு இதெல்லாம் தேவைப்படாது; மின்சுற்றுகளை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்கியர் உள்ள அறைக்குத் தீயணைக்கும் வாயுத் தொகுதியே பொருத்தம்.

ஒப்பந்தகாரரிடம் வேலையைப் பொறுப்பேற்கும் நாளில் மின்மாற்றியின் இணைப்பைத் துண்டித்து, புவித்தொடுப்புச் செய்து, முழு அளவில் தண்ணீரைத் திறக்கச் சொல்லுங்கள். அப்போது பம்பியிலிருந்து மிகத் தொலைவிலும் உயரத்திலும் உள்ள நொசிலில் அழுத்தமானியைப் பொருத்தி அளவெடுக்க வேண்டும். உயர்வேக நொசில்களுக்கு வழமையாகக் கோரப்படும் 3.5 பார் அங்கே வராவிட்டால், பம்பி அறையின் அழுத்தமானி எதைக் காட்டினாலும் கையெழுத்திட வேண்டாம்.