இரவலுக்குப் போன பையன்

கே: "லோனில் அனுப்பிட்டாங்கன்னா அவன் கதை முடிஞ்சுதுன்னு அர்த்தம்" என்கிறான் என் அக்கா மகன். நிஜமாகவே அப்படியா?
– ச.மு., நாகர்கோவில்

கால்பந்தில் லோன் என்றால், ஒரு கிளப் தன் ஆட்டக்காரரை விற்காமல் வேறு கிளப்புக்குக் கொஞ்ச காலம் இரவல் கொடுப்பது. மருமகப்பிள்ளையிடம் ரிக்கார்டோ பெப்பி என்ற அமெரிக்க ஆட்டக்காரரின் பெயரைச் சொல்லிப் பாருங்கள். டெக்ஸாஸில் மெக்ஸிகோ எல்லையை ஒட்டிய சான் எலிசாரியோ என்ற சிற்றூரில் வளர்ந்த பையன். பெற்றோர் மெக்ஸிகோக்காரர்கள். 2021-ல், 18 வயதில், டல்லாஸ் அணிக்காக ஹாட்ரிக் (ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்) அடித்தான். அமெரிக்க லீக்கில் அத்தனை சின்ன வயதில் அதுவரை யாரும் அடித்ததில்லை. செப்டம்பரில் ஹோண்டுராஸுக்கு எதிராக அமெரிக்க அணியில் அறிமுகம், அன்றும் கோல். அக்டோபரில் ஜமைக்காவுக்கு எதிராக இரண்டு. அப்போதே ஊர் அவனைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது.

2022 ஜனவரியில் ஜெர்மனியின் ஆக்ஸ்பூர்க் அணி ஏறக்குறைய 20 மில்லியன் டாலர் கொடுத்து வாங்கியது. அந்தக் கிளப் அதுவரை யாருக்கும் கொடுத்திராத விலை. அத்தோடு பையனுக்குக் கோல் வற்றிப்போயிற்று. ஜெர்மன் லீக்கில் ஒன்றுகூட இல்லை. கீழ் டிவிஷனுக்கு விழாமல் தப்பிக்கப் போராடும் அணியில், கோல் அடிக்க முன்னே நிற்கும் ஸ்ட்ரைக்கருக்கு முதல் வேலை எதிரணித் தடுப்பாளர்களைத் துரத்துவது. இரண்டாவது வேலையும் அதேதான். பந்து காலுக்கு வரும்போது மூச்சு வாங்கும். நான் மாவட்ட லீக்கில் கோல்கீப்பராக நின்றவன். பயந்துபோன ஸ்ட்ரைக்கரை எங்களுக்கு உடனே தெரிந்துவிடும்: வலையைப் பார்க்க மாட்டான், என்னைப் பார்ப்பான். ஆக்ஸ்பூர்க் காலத்து வீடியோக்களில் பெப்பி அப்படித்தான் தெரிந்தான்.

ஆகஸ்ட் கடைசியில் நெதர்லாந்தின் வடகோடியில் இருக்கும் க்ரோனிங்கனுக்கு லோன். (டச்சுக்காரர்கள் அந்த 'க்'கைத் தொண்டையிலிருந்து காறுவதுபோல் சொல்வார்கள். நமக்கு வராது, விடுங்கள்.) பெரிய கிளப் இல்லை. ஆனால் நாற்றங்கால் என்றால் அதுதான். டச்சு நட்சத்திரம் ஆர்யன் ராபன் அங்கேதான் தொடங்கினார். உருகுவேயிலிருந்து வந்த லூயிஸ் சுவாரஸுக்கு 2006-ல் ஐரோப்பாவில் முதல் வீடு அது. பேர்பெற்ற தடுப்பாளர் வான் டைக்கும் அங்கிருந்து கிளம்பியவர்தான்.

செப்டம்பரிலேயே கோல் விழுந்தது. ஜமைக்கா ஆட்டத்துக்குப் பிறகு தொடங்கிய கிட்டத்தட்ட ஒரு வருட வறட்சி முடிந்தது. அந்த சீசனில் 29 லீக் ஆட்டங்களில் 12 கோல். இதில் கவனிக்க வேண்டியது, க்ரோனிங்கன் அந்த வருடம் கடைசி இடத்தில் முடிந்தது என்பது. அப்படிப்பட்ட அணியில் ஒரு ஆட்டத்துக்கு இரண்டு வாய்ப்பு வந்தால் அதிகம். இரண்டையும் விட்டால் வீட்டுக்குப் போகலாம். அந்தக் கஞ்சத்தனம்தான் அவனைத் திருத்தியது என்று நினைக்கிறேன். அவசரம் போயிற்று. தடுப்பாளரின் முதுகுப்பக்கம் நின்று, பக்கவாட்டிலிருந்து கிராஸ் கிளம்பும் நொடியில் கோலின் முன்னங்கம்பத்துக்கு ஓடும் பழக்கம் திரும்பியது.

கதை முடிந்ததா என்று கேட்டீர்களே. 2023-ல் நெதர்லாந்தின் பெரிய கிளப்பான பிஎஸ்வி ஐந்தோவன் வாங்கியது. 2024, 2025 இரண்டு வருடமும் அந்த அணி சாம்பியன்.

கே: அந்த 12 கோலைப் பார்த்தும் உலகக் கோப்பைக்கு எடுக்கவில்லையாமே?
– இரா.கு., கோவில்பட்டி

12 முழுசாக வரவில்லை. 2022 நவம்பரில் பட்டியல் வெளியானபோது ஆறு. அதுவும் போதும் என்பது என் கட்சி. அமெரிக்கப் பயிற்சியாளர் கிரெக் பெர்ஹால்டர், ஸ்ட்ரைக்கர்கள் சார்ஜன்ட், ஃபெரைரா, ஹாஜி ரைட் மூவரையும் எடுத்துக்கொண்டு இவனை வீட்டில் விட்டார். ஃபெரைரா, டல்லாஸில் இவனுடைய பழைய கூட்டாளி. கோப்பை நடந்த கத்தாரில் அமெரிக்கா அடித்தது மொத்தம் மூன்று கோல். அந்த மூன்று ஸ்ட்ரைக்கர்களில் வலையைத் தொட்டவர் ரைட் மட்டும். அதுவும் 3–1 என்று தோற்று வெளியேறிய ஆட்டத்தில். எதிரணி எது தெரியுமா? நெதர்லாந்து!

கே: அமெரிக்கப் பிள்ளைகள் ஏன் நெதர்லாந்துக்கே ஓடுகிறார்கள்? டச்சு கிளப்புகளுக்கு அவர்கள் மலிவா?
– ஒரு வங்கி ஊழியர், திருச்சி

மலிவா? நேர்மாறு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் ஆட்டக்காரருக்கு 20 வயது ஆகிவிட்டால், டச்சு முதல் டிவிஷனின் சராசரிச் சம்பளத்தில் ஒன்றரை மடங்கு தர வேண்டும் என்பது அங்கே விதி. 18, 19 வயதென்றால் அதில் பாதி. சின்னக் கிளப்புக்கு இது முழி பிதுங்கும் கணக்கு. அதனால்தான் ஐரோப்பிய பாஸ்போர்ட் வைத்திருக்கும் அமெரிக்கருக்கு அங்கே தனி மவுசு. லோனில் வந்தால் சொந்தக் கிளப் சம்பளத்தில் ஒரு பங்கைச் சுமக்க ஒத்துக்கொள்வதும் உண்டு. நீங்கள் வங்கிக்காரர், புரிந்திருக்கும். கடன் கொடுத்தவரே வட்டியையும் கட்டுகிறார்.

மற்றபடி, 19 வயதுப் பையனை முழு ஆட்டம் ஆடவிட அங்கே யாருக்கும் பயமில்லை. இங்கிலாந்தின் செல்சியிலிருந்து லோனில் வந்த மாட் மியாஸ்கா என்ற நியூஜெர்சி தடுப்பாளர், விட்டெஸ் அணியோடு 2017-ல் டச்சுக் கோப்பையே வாங்கினார். அந்தக் கிளப்பின் முதல் பெரிய கோப்பை அது. அமெரிக்க ஆட்டக்காரர்களான செர்ஜினோ டெஸ்ட் பார்சிலோனாவிலிருந்தும், மாலிக் டில்மன் ஜெர்மனியின் பயர்னிலிருந்தும் பிஎஸ்விக்கு இரவலாக வந்து, 2024-ல் அந்தக் கிளப்புக்கே சொந்தமானார்கள். டில்மன் 2025-ல் கிளம்பிவிட்டார். அப்போது பிஎஸ்வியில் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருந்தவர் எர்னி ஸ்டூவர்ட். பிறந்தது நெதர்லாந்தில், ஆடியது அமெரிக்காவுக்கு. இந்த ஒட்டுறவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கே: எல்லாம் சரி, க்ரோனிங்கனுக்கு என்ன கிடைத்தது?
– அ.பா., மதுரை

இரண்டாவது டிவிஷன் கிடைத்தது. 2023 மே மாதம் அயாக்ஸுடனான ஆட்டத்தில் அவர்களுடைய ரசிகர்களே மைதானத்தில் புகைக்குண்டு வீசி ஆட்டத்தை நிறுத்த வைத்தார்கள். அவ்வளவு ஆத்திரம். பெப்பியை விற்ற பணம் ஆக்ஸ்பூர்க்குக்கு. நாற்று வளர்த்தவன் வயலில் அறுவடை இல்லை. அடுத்த வருடமே ஏறி வந்துவிட்டார்கள் என்பது ஆறுதல்.

கே: நள்ளிரவு ஆட்டமெல்லாம் நீங்கள் பார்ப்பதுண்டா, இல்லை காலையில் ஸ்கோர் பார்த்து எழுதுவதா?
– ஜெ., புதுச்சேரி

2025 ஜனவரியில் பிஎஸ்வி–லிவர்பூல் ஆட்டம் நமக்கு அதிகாலை ஒன்றரைக்கு. போர்வைக்குள் போன், காதில் ஒற்றை இயர்போன். ஐந்து கோலும் முதல் பாதியிலேயே. ஐந்தாவது, வெற்றி கோல், பெப்பியுடையது. நான் போட்ட சத்தத்தில் வீட்டம்மா எழுந்து விளக்கைப் போட்டார். பார்த்தால், அதே கோலை அடிக்கும்போது அவன் முழங்கால் போய்விட்டது. இரண்டாம் பாதிக்கு வரவில்லை. அந்த சீசனே அத்தோடு சரி. வீட்டம்மாவுக்கு விளக்கிச் சொல்ல, இரண்டு நிமிஷத்தில் சிரித்த முகத்தை எப்படி மாற்றுவது என்று தெரியாமல் விழித்தேன்.

கே: நீங்கள் எந்தப் பத்திரிகைக்காவது லோனில் போனதுண்டா?
– கு.சி., ஈரோடு

உண்டு. இளவயதில் ஒரு வார இதழுக்கு இரண்டு மாதம் இரவல் கொடுத்தார்கள். விளையாட்டு எழுதலாம் என்று ஆசையோடு போனேன். ஜோசியர் லீவு, ராசிபலன் எழுதச் சொன்னார்கள். துலாம் ராசிக்காரர் ஒருவர் இன்னமும் கடிதம் போடுகிறார்.