இரண்டு நாட்களில் ஒரு வருடப் பிறப்பு: பொது வழக்கும் உண்மையும் (கேள்வி பதில்)

கேள்வி (கேரள எல்லையிலுள்ள கொழிஞ்சாம்பாறை, பள்ளி ஆசிரியை): ஐயா, 2023ஆம் ஆண்டில் பொள்ளாச்சியிலுள்ள என் தாய்வீட்டில் ஏப்ரல் 14 அன்று சித்திரைக் கனி கண்டார்கள், இங்கே எங்கள் தெருவில் 15 அன்றுதான் விஷு. இரண்டில் எது உண்மையான நாள்?

பதில்: இரண்டுமே, அம்மா. சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும் கணம் இரு வீட்டாருக்கும் ஒன்றுதான். அவ்வாண்டு அது 14ஆம் தேதி பிற்பகலில் நிகழ்ந்தது. அந்தக் கணம் சூரியன் மறைவதற்குள் வந்துவிட்டால் அன்றே மாதப் பிறப்பு என்பது தமிழ்நாட்டு வழக்கு. பகற்பொழுதை ஐந்தாகப் பகுத்து, முதல் மூன்று பங்குக்குள், அதாவது உதயத்திலிருந்து 18 நாழிகைக்குள் (ஒரு நாழிகை 24 நிமிடம்) வந்தால்தான் அன்று, இல்லையேல் மறுநாள் என்பது மலையாள வழக்கு. 2024இல் அக்கணம் ஏப்ரல் 13 இரவில் வந்தமையால் இரு வழக்குகளுக்கும் 14ஆம் தேதியே பிறப்பாயிற்று. ராசி மாற்றத்துக்கு எவர் சம்மதமும் தேவையில்லை. அதை எந்த நாளின் கணக்கில் வைப்பது என்பதற்கே தேவை.

கேள்வி (வேலந்தாவளம், மாட்டு வியாபாரி): யாரும் கூடித் தீர்மானிக்காமல் ஒரு வழக்கு எப்படி நிலைபெறும்?

பதில்: உங்கள் தொழிலிலேயே விடை இருக்கிறது. பொள்ளாச்சிச் சந்தையில் துண்டுக்கு அடியில் இருவர் கைகோத்து, விரல்களைப் பிடித்தே விலை பேசுகிறார்கள். பிடித்த விரல்கள் எண்ணைச் சொல்கின்றன. அது நூறா, ஆயிரமா என்பது எதிரே நிற்கும் மாட்டைப் பார்த்தாலே விளங்கிவிடுகிறது. துண்டுக்குள் நடப்பதை வேடிக்கை பார்த்துக் கற்க முடியாது; கையைக் கொடுத்துத்தான் கற்க வேண்டும். படகில் துடுப்பு வலிக்கும் இருவர் ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுக்காமலேயே ஒத்து வலிக்கிறார்கள் என்று ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் 1740இல் எழுதினார். 1969இல் அமெரிக்கத் தத்துவவாதி டேவிட் லூயிஸ் அதை விரித்தார்: நீங்கள் இன்னவாறு செய்வீர்கள் என நான் எதிர்பார்க்கிறேன், நான் அவ்வாறு எதிர்பார்ப்பதை நீங்களும் அறிவீர்கள், அதனால் மாறிச் செய்வதில் இருவருக்குமே ஆதாயமில்லை. ஒப்பந்தம் பேசித்தான் சொற்களுக்குப் பொருள் வந்தது என்போரிடம் நான் கேட்க விரும்புவது ஒன்றுதான்: அந்த ஒப்பந்தத்தை அவர்கள் எந்த மொழியில் பேசினார்கள்?

கேள்வி (கோபாலபுரம், கல்லூரி மாணவர்): எல்லாரும் ஒத்துக்கொண்டால் பொய்யும் உண்மையாகிவிடுமா?

பதில்: ஆகாது, தம்பி. மூன்று விரல் எவ்வளவு என்பது வழக்கு. பசு எத்தனை லிட்டர் கறக்கும் என்பது சந்தையே சேர்ந்து சொன்னாலும் மாறாது. ஆனால் ஒப்புதலாலேயே உண்டாகும் உண்மைகளும் உள்ளன. மலபார் மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று கேரளத்தோடு சேர்ந்தபோது பாலக்காட்டு மண் ஒரு பிடிகூட நகரவில்லை. ஆயினும் ‘பாலக்காடு கேரளத்தில் உள்ளது’ என்ற வாக்கியம் அன்று மெய்யாயிற்று, அதை மறுப்பவர் கூற்று தவறாயிற்று.

கேள்வி (சித்தூர், ஓய்வுபெற்ற வாசகர்): வழக்குண்மை, அதாவது வழக்கால் உண்டாகும் உண்மை, வெறும் ஏற்பாடுதான் என்றால், பௌத்தர் சொன்னதுபோல் அதைத் தள்ளிவிடலாமே?

பதில்: பௌத்தர் தள்ளச் சொன்னார்கள் என்பது அவசர வாசிப்பு, ஐயா. பௌத்தத் தத்துவவாதி நாகார்ஜுனர் உண்மையை வழக்குண்மை, மேலான உண்மை என இரண்டாகப் பிரித்தார் என்பது சரியே. ஆனால் வழக்கைச் சார்ந்து நில்லாமல் மேலானதைப் போதிக்க இயலாது என்பதையும் அங்கேயே சேர்த்துச் சொன்னார். போதிப்பவரும் கேட்பவரும் ஒரே சொல்லை ஒரே பொருளில் கொள்ளாவிட்டால், எது வழக்கு, எது மேலானது என்ற பேச்சையே அவர்கள் தொடங்க முடியாது.