கனடா வீட்டில் ஆள் இல்லை: பைப் உறைந்து வெடித்தால் காப்புறுதி கைகொடுக்குமா?

கேள்வி: என் ஊர் இலங்கையின் களுவாஞ்சிக்குடி. ரொறன்ரோவில், ஸ்காபரோப் பக்கம், 20 வருடத்துக்கு மேலாகச் சொந்த வீட்டில் இருக்கிறோம். டிசம்பர் 10ஆம் திகதி நானும் மனைவியும் ஊருக்கு வந்தோம். சித்திரைப் புத்தாண்டு முடிந்து ஏப்ரல் 20க்குத்தான் திரும்புகிறோம். ஜனவரியில் காஸ் பில் 160 டொலர் வரும், அது குறையட்டும் என்று ஹீற்றிங்கை 10 பாகையில் விட்டு வந்தேன். தண்ணீரை நிறுத்தவில்லை. அக்காவின் மகன் ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்க்கிறான். இப்போது அங்கே மைனஸ் 20 என்கிறார்கள். பைப் உறைந்துவிடுமோ என்று மனைவிக்கு நித்திரையே இல்லை. ஒவ்வொரு நாளும் போய்ப் பார்க்க ஒருவர் நாளுக்கு 25 டொலர் கேட்கிறார். டிக்கெட்டை மாற்றி முன்னதாகப் போனால் இருவருக்கும் சேர்த்து 600 டொலர். எதைச் செய்வது?

பதில்: டிக்கெட்டை மாற்ற வேண்டாம். 25 டொலர்காரருக்கும் இன்னும் சரி சொல்ல வேண்டாம். முதலில் மருமகனைக் கூப்பிட்டு, வீட்டுக்குள் தண்ணீர் வரும் மெயின் வால்வை இன்றைக்கே அடைக்கச் சொல்லுங்கள். பிறகு மேல்மாடி முதல் பேஸ்மென்ட் வரை எல்லாக் குழாய்களையும் திறந்து, கழிப்பறைத் தொட்டிகளிலும் தண்ணீரை இறக்கிவிடட்டும். இதற்கு ஒரு சதம் செலவில்லை.

தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 வீதம் பெருக்கும். பைப்புக்குள் ஓரிடத்தில் ஐஸ் அடைத்துக்கொண்டால், அதற்கும் மூடிய குழாய்க்கும் நடுவில் அகப்பட்ட தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. அந்த அழுத்தத்தில்தான் பைப் வெடிக்கிறது. ஐஸ் அடைத்திருக்கும்வரை பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அது உருகிய பிறகுதான் தண்ணீர் கொட்டும், மெயின் திறந்திருந்தால் நிற்காமல் கொட்டும். திங்கட்கிழமை தொடங்கினால் உங்கள் மருமகன் ஞாயிற்றுக்கிழமைதான் காண்பான். நாங்கள் இங்கே வீட்டைப் பூட்டிக்கொண்டு கதிர்காமம் போகும்போது மோட்டரை நிறுத்தி, மேல் தாங்கியின் வால்வை அடைத்துவிட்டுப் போகிறோமே, அந்த வேலைதான் இது.

ஆனால் பைப்பை விட எனக்குப் பெரிய கவலை உங்கள் காப்புறுதிப் பத்திரம்தான். கனடாவின் வீட்டுக் காப்புறுதிகளில் வழக்கமாக ஒரு நிபந்தனை இருக்கும். குளிர்காலத்தில் தொடர்ந்து இத்தனை நாளுக்கு மேல் வீட்டில் இல்லையென்றால், உறைந்து வெடித்த சேதத்துக்குப் பணம் இல்லை. பல பத்திரங்களில் அது நான்கு நாள், சிலவற்றில் கூடக் குறைய இருக்கும். நட்டஈடு கிடைக்க வேண்டுமானால் இரண்டில் ஒன்றைச் செய்திருக்க வேண்டும்: விஷயம் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு நாளும் உள்ளே போய் ஹீற்றிங் வேலை செய்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும், அல்லது தண்ணீரை அடைத்து பைப்புகளையும் தண்ணீர் ஓடும் சாதனங்களையும் முழுதாக வடித்திருக்க வேண்டும். கவனியுங்கள், ஒவ்வொரு நாளும். உங்கள் பத்திரத்திலும் இப்படியே இருந்தால் ஞாயிறு தோறும் போவது கணக்கில் வராது. வருடக்கணக்காகக் கட்டிய காசு, தேவைப்படும் நாளில் உதவாமல் போவதைப் போல வயிற்றெரிச்சல் வேறில்லை.

இப்போது உங்கள் கணக்கைப் பார்ப்போம். காஸ் பில்லில் பாதி மிச்சம் என்று தாராளமாக வைத்தாலும் மூன்று மாதத்துக்கு 240 டொலர்தான். அதற்காக ஒரு வீட்டையே பணயம் வைக்க முடியாது. ஹீற்றிங்கை 15 பாகைக்கு ஏற்றச் சொல்லுங்கள். ஹோலில் 10 காட்டினாலும் வெளிச்சுவரை ஒட்டிய குசினி சிங்க்கின் அடியில் அதைவிடக் குளிராக இருக்கும். அந்த அலுமாரிக் கதவுகளைத் திறந்து வைத்தால் அறையின் சூடு உள்ளே போகும்.

நாளுக்கு 25 டொலர் என்றால், மார்ச் முடிய இன்னும் 75 நாள் என்று வைத்துக்கொண்டாலும் 1,875 டொலர். ஏப்ரலிலும் அங்கே குளிர் வரலாம். அதற்குப் பதிலாக ஒரு பிளம்பரைக் கூப்பிட்டு முழுதாக வடித்துவிட்டால், அது ஒரே தடவைச் செலவு. மருமகன் இரண்டு மூன்று பேரிடம் விலை கேட்டுப் பார்க்கட்டும். சுடுதண்ணித் தாங்கியில் மட்டும் மருமகன் கைவைக்க வேண்டாம். அதை வடிப்பதற்கு முன் காஸை நிறுத்த வேண்டும், அது பிளம்பர் செய்யட்டும். தாங்கி வாடகைக்கு எடுத்ததென்றால் அந்தக் கம்பனிக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். வடித்து, ரசீதும் கைக்கு வந்துவிட்டால், ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்ப்பது போதும் என்பது என் எண்ணம். அதையும் காப்புறுதி முகவர் வாயால் அல்ல, மின்னஞ்சலில் சொல்ல வேண்டும்.

குளிர்காலத்தில் ரொறன்ரோவில் காலை 9 மணி என்றால் இங்கே இரவு 7.30. அந்த நேரத்துக்கு முகவரை அழையுங்கள். டிசம்பர் 10 முதல் வீட்டில் ஆள் இல்லை என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். பிரிமியம் ஏறிவிடுமோ என்று பயந்து, மருமகன் தினமும் போகிறான் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிறகு நட்டஈடு கேட்கும்போது அந்த ஒரு பொய்யே உங்களுக்கு எதிராக நிற்கும். எத்தனை நாள் நிபந்தனை, வடித்துவிட்டால் போதுமா, 30 நாளுக்கு மேல் வீடு ஆளில்லாமல் இருந்தால் வேறு எந்தப் பாதுகாப்பு குறையும் என்று மூன்றையும் கேளுங்கள். பேசி முடிந்ததும் பேசியதை நீங்களே எழுதி அனுப்பி, சரி என்று பதில் வாங்குங்கள்.

போனில் வெப்பநிலை காட்டும் கருவி வாங்கலாமா என்று சிலர் கேட்பார்கள். வாங்கலாம், நல்லதுதான். ஆனால் கரண்ட் போனால் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் நிற்கும், வைஃபையும் நிற்கும். 2013 டிசம்பர் ஐஸ் புயலில் ரொறன்ரோவில் சுமார் 3 லட்சம் இணைப்புகளுக்குக் கரண்ட் இல்லாமல் போனதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆகவே கருவி பேசாமல் போனால் அன்றைக்கே ஆள் போக வேண்டும். மருமகன் ஒவ்வொரு முறையும் வெப்பநிலை காட்டும் பெட்டியையும் அடைத்த வால்வையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும். திகதியோடு இருக்கும் அந்தப் படங்கள் பின்னால் சாட்சியாகும், உங்கள் மனைவிக்கும் கொஞ்சம் நித்திரை வரும். அந்தப் பிள்ளையின் பெட்ரோல் செலவுக்கு ஏதாவது கொடுங்கள். சொந்தம் என்று சும்மா விடக்கூடாது.

நீங்கள் கேட்காத ஒன்று. ரொறன்ரோ நகரசபை ஆளில்லாத வீட்டுக்கு வரி போடுகிறது. 2024 முதல் அது வீட்டின் மதிப்பீட்டுத் தொகையில் 3 வீதம், அதாவது 5 லட்சம் டொலர் மதிப்பீட்டுக்கு 15,000. நீங்கள் அங்கேயே வாழ்கிறவர்கள், இது உங்களுக்கு வராது. ஆனால் அதை ஒவ்வொரு வருடமும் அறிவிக்க வேண்டும், அறிவிக்காவிட்டால் ஆளில்லாத வீடு என்றே எடுத்துக்கொள்வார்கள். ஊருக்கு வந்த சந்தோசத்தில் மறந்துவிடாமல், களுவாஞ்சிக்குடியில் இருந்தே இணையத்தில் செய்துவிடுங்கள்.

திரும்பிப் போகும்போது, நீங்கள் விமானம் ஏறுவதற்கு முதல் நாள் மருமகன் குழாய்களை மூடி, மெயினைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து பார்க்கட்டும். எங்காவது கீறல் விழுந்திருந்தால் அப்போதுதான் தெரியும். ஒரு மணிநேரமாவது அவர் வீட்டிலேயே இருந்து, பேஸ்மென்ட் கூரையையும் சிங்க்குகளின் அடியையும் கைவைத்துப் பார்க்க வேண்டும். சுடுதண்ணித் தாங்கி நிறைந்த பிறகுதான் அதன் காஸைத் திரும்பப் போட வேண்டும்.