ஓட்டுப் போட்டா கடவுளாக்கினார்கள்?

கேள்வி: இயேசு சாதாரண மனிதர்தான், கி.பி. 325-இல் கான்ஸ்டன்டைன் மன்னர் நைசியாவில் ஆயர்களைக் கூட்டி, ஓட்டெடுப்பு நடத்தி அவரைக் கடவுளாக்கிவிட்டார் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். இதை ஏன் நீங்கள் எல்லாம் எழுதுவதில்லை?
– வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: நடக்காததால் எழுதவில்லை.

நைசியா சங்கத்துக்கு (அந்த ஆயர் கூட்டத்துக்கு) இருநூறு ஆண்டுகள் முன்னாலேயே, ஏறக்குறைய கி.பி. 112-இல், ரோம ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடி, கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்று அதில் இருக்கிறது. பிளினி கிறிஸ்தவர் அல்ல, அவர்களைத் தண்டித்தவர். நைசியா ஊரும் அவர் ஆண்ட மாகாணத்தில்தான் இருந்தது!

சரி, அப்படியானால் 325-இல் எதற்குச் சண்டை? எகிப்தின் அலெக்சாந்திரியா நகரக் குரு ஆரியுஸ், 'மகன் இல்லாத காலம் ஒன்று இருந்தது' என்றார். இயேசுவை வெறும் மனிதர் என்று அவரும் சொல்லவில்லை. உலகம் உண்டாகும் முன்பே தந்தை படைத்த தெய்வீகப் பிறவி, ஆனால் தந்தைக்கு ஒரு படி கீழே என்பதுதான் அவர் கட்சி. (ஆரியுஸ் என்பது ஆள் பெயர். நம்மூர் ஆரிய-திராவிடத் தகராறை இதற்குள் கொண்டுவராதீர்கள்.) 'என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்' என்ற யோவான் வசனத்தை அவர் தரப்பு காட்டியது. 'அந்த வார்த்தை தேவனாயிருந்தது' என்று அதே யோவானை எதிர்த்தரப்பு காட்டியது. இரண்டும் ஒரே நூலில் இருந்ததுதான் சிக்கல். கடைசியில், பைபிளிலேயே இல்லாத 'ஹோமோஊசியோஸ்' என்ற கிரேக்கச் சொல்லை நைசியா விசுவாச அறிக்கையில் போட்டார்கள். இன்று தமிழ்க் கத்தோலிக்கர் 'தந்தையோடு ஒரே பொருளானவர்' என்று சொல்வது அதைத்தான். வந்திருந்த இருநூற்றைம்பது முந்நூறு ஆயர்களில் இருவர் கடைசிவரை இணங்கவில்லை. ஆரியுஸோடு அவர்களும் நாடு கடத்தப்பட்டார்கள். மன்னரின் நெருக்குதல் இருந்ததா என்றால், இருந்தது. மறுக்கவில்லை.

ஆனால் உங்கள் வீடியோக்காரர் அப்புறம் நடந்ததைச் சொன்னாரா? சில ஆண்டுகளிலேயே கான்ஸ்டன்டைன் மனம் மாறி ஆரியுஸைத் திருப்பி அழைத்தார். நைசியா முடிவுக்காக வாதாடிய அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸைத்தான் 335-இல் ஊரைவிட்டுத் துரத்தினார். 337-இல் சாகும் தறுவாயில் மன்னருக்கு ஞானஸ்நானம் கொடுத்த ஆயரும் ஆரியுஸின் நண்பர். அடுத்து ஆட்சிக்கு வந்த மகன்களில் ஒருவரான கான்ஸ்டான்டியுஸ் வெளிப்படையாகவே நைசியாவுக்கு எதிர்க்கட்சி. அத்தனாசியுஸ் மொத்தம் ஐந்து முறை, ஏறக்குறைய 17 ஆண்டுகள், நாடு கடத்தப்பட்டும் ஒளிந்தும் ஊரைவிட்டு வெளியே இருந்தார். மன்னர் கையெழுத்தில் முடிந்த காரியம் என்றால் ஆரியுஸ் கட்சி அல்லவா ஜெயித்திருக்க வேண்டும்? 381-இல் பேரரசர் தியோடோசியுஸ் காலத்தில் கான்ஸ்டான்டிநோபிளில் இன்னொரு சங்கம் கூட்டித்தான் நைசியாவை நிலைநிறுத்த முடிந்தது.

இடையில் இது மேலிடத்து விவகாரமாக மட்டும் இருக்கவில்லை. கான்ஸ்டான்டிநோபிள் தெருக்களைப் பற்றி நீசா என்ற ஊரின் ஆயர் கிரகோரியார் அலுத்துக்கொள்கிறார்: ரொட்டி என்ன விலை என்று கேட்டால், 'தந்தை பெரியவர், மகன் சிறியவர்' என்கிறானாம் கடைக்காரன். குளிக்கத் தண்ணீர் தயாரா என்றால், 'மகன் சூனியத்திலிருந்து உண்டானவர்' என்று பதில் வருகிறதாம்.