நாடகம் கேட்டால் பகை தணியுமா?

கேள்வி: பகைத்து நிற்கும் சமூகங்களைக் கலை ஒன்றுசேர்க்கும் என்று மேடைதோறும் பேசுகிறார்கள். அதை யாராவது சோதித்துப் பார்த்ததுண்டா? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: உண்டு, அதுவும் ருவாண்டாவில். 1994 ஏப்ரல் முதல் ஜூலை வரை, டுட்சி மக்களே மிகப் பெரும்பாலோராக, லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்ட அந்நாட்டில், வெறுப்பை மூட்டிக் கொலைக்குத் தூண்டியதில் ஆர்.டி.எல்.எம். என்ற வானொலிக்குப் பெரும்பங்கு இருந்தது. பத்தாண்டுகள் கழித்து, 2004இல், அந்நாட்டின் வேறொரு வானொலி வழியாக 'முசேகெவேயா' என்ற தொடர் நாடகம் வந்தது. ஹுட்டு, டுட்சி என்ற இரு இனங்களின் பெயரை எங்கும் சொல்லாமல், இரு கற்பனைக் கிராமங்களுக்கிடையே நிலத்தாலும் பஞ்சத்தாலும் பகை முற்றுவதையும், எதிரெதிர் ஊர்களைச் சேர்ந்த காதலர்கள் அதை எதிர்த்து நிற்பதையும் அது சொல்லிற்று.

எலிசபெத் லெவி பலக் என்ற உளவியல் ஆய்வாளர், சில ஊர்களில் இந்நாடகத்தையும் வேறு சில ஊர்களில் உடல்நலம் பற்றிய நாடகத்தையும் மக்கள் ஓராண்டுக் காலம் கூடியமர்ந்து கேட்கச் செய்து, முடிவுகளை 2009இல் வெளியிட்டார். முசேகெவேயா கேட்டவர்களின் சொந்த நம்பிக்கைகள் பெரிதாக மாறவில்லை. ஆனால் கலப்புமணம், பிறரை நம்புதல், மாற்றுக்கருத்தை வாய்விட்டுச் சொல்லுதல் ஆகியவற்றில் ஊரார் பார்வையில் எது தகும், எது தகாது என்ற எண்ணம் மாறியிருந்தது. ஆய்வின் முடிவில் ஒலிநாடாக்களையும் பேட்டரிகளையும் ஊருக்கே கொடுத்தபோது, உடல்நலக் குழுக்களில் 'தலைவரிடமே இருக்கட்டும்' என்பதோடு பேச்சு பெரும்பாலும் முடிந்துவிட, முசேகெவேயா கேட்ட குழுக்களிலோ யாரேனும் எழுந்து மறுத்துப் பேசினார்கள். பொதுவில் வைத்துப் பகிர்ந்துகொள்வது பற்றி விவாதம் நடந்தது. மேலிடத்துச் சொல்லுக்குப் பணிந்தே பலர் கொலையில் இறங்கிய நாட்டில், அந்த மறுப்பை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். ஆகவே, கலையிடம் மனமாற்றத்தைக் கேட்பதைவிட, பகைக்கு உடன்படாதவர் துணிந்து பேச இடம் உண்டாக்கித் தரும்படி கேட்பதே பொருந்தும்.

ஆனால் நாடகத்தை ஒட்டி விவாதம் நடத்தினால் போதும் என்று எண்ணிவிட வேண்டாம். கிழக்குக் காங்கோவில், இத்தகைய நாடகத்தோடு, கேட்டவர்களை விவாதிக்கத் தூண்டும் உரையாடல் நிகழ்ச்சியையும் சேர்த்து பலக்கே சோதித்தபோது, மக்கள் அதிகம் பேசினார்கள், சகிப்பின்மையும் கூடியது. குமுறலைக் கிளறிவிட்டு அப்படியே விட்டுப்போவதைவிட, நாடகத்தோடு நிறுத்திக்கொள்வது மேல். விவாதம் வேண்டுமென்றால், இரு தரப்பும் மதிக்கும் ஒருவர் கூடவே இருந்து அதை நடத்த வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்கும்வரை காத்திருப்பதில் தவறில்லை.