ஒருக்களித்துப் படுத்தால் வலி: இடுப்பு மூட்டுத் தேய்மானமா?

இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டதா என்று கேட்டு, தொடையின் வெளிப்பக்கம் நீங்கள் கைவைத்துக் காட்டும் இடத்தில் இடுப்பு மூட்டே இல்லை. அங்கே கெட்டியாகத் தட்டுப்படுவது தொடை எலும்பின் புடைப்பு. பந்தும் கிண்ணமும் சேர்ந்த மூட்டு, தொடை இடுக்குக்குப் பின்னால் ஆழத்தில் இருக்கிறது. அது தேய்ந்தால் பெரும்பாலும் இடுக்கில்தான் வலிக்கும், சிலருக்கு முட்டியில். (முட்டிக்கு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு அலைபவர்களும் உண்டு.)

வலப்பக்கம் படுத்தால் வலி, படியேறினால் வலி என்கிறீர்கள். அந்தப் புடைப்பில் வந்து ஒட்டும் பிட்டத் தசைநாண்கள் (தசையை எலும்போடு கட்டும் நார்கள்) நொந்திருக்கலாம். நாற்பதைத் தாண்டிய பெண்களுக்கு இது அதிகம். மூட்டா, தசைநாணா என்று பார்க்க இரண்டு சோதனைகள்:

1. சுவரை ஒரு விரலால் தொட்டபடி, வலிக்கிற காலில் மட்டும் 30 விநாடி நில்லுங்கள். அதே இடத்தில் வலி கிளம்பினால் தசைநாண் மேல்தான் சந்தேகம்.

2. மல்லாந்து படுத்து முட்டியை மடக்கி, தொடையை மெதுவாக உள்பக்கம் திருப்பும்படி இன்னொருவரிடம் சொல்லுங்கள். இடுக்கில் பிடித்தால் மூட்டைப் பார்த்தாக வேண்டும்.

இன்றிரவே இடப்பக்கம் திரும்பிப் படுத்து, முட்டிகளுக்கு நடுவே தலையணை வையுங்கள்.

கீழே விழுந்தபின் வந்த வலி, காய்ச்சல், கால் ஊன்ற முடியாத நிலை என்றால் இந்தச் சோதனையெல்லாம் வேண்டாம். உடனே எலும்பு மருத்துவரிடம் போங்கள்.