கோலா கொட்டை ஏற்றுமதியில் இறங்கலாமா? அதை உண்மையில் யார் வாங்குகிறார்கள்?

நைஜீரியாவின் லாகோஸில் இருக்கும் நண்பர் ஒரு கன்டெய்னர் கோலா கொட்டை (மேற்கு ஆப்பிரிக்காவில் மெல்லும், காஃபின் உள்ள கசப்பு விதை) அனுப்பலாம் என்கிறார், கூல்டிரிங்ஸ் கம்பெனிக்காரர்கள் போட்டி போட்டு வாங்குவார்களாம், பணம் போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கூல்டிரிங்ஸ் கதையை நம்பிப் போடாதீர்கள்.

1886இல் அட்லாண்டாவில் ஜான் பெம்பர்டன் கோக்கா கோலாவைத் தயாரித்தபோது கோக்கா இலையும் கோலா கொட்டையும் அதில் சேர்ந்தன, பெயரும் அப்படித்தான் வந்தது. இன்றைக்குக் கடையில் விற்கும் பெரும்பாலான கோலா பானங்களுக்கு இந்தக் கொட்டை தேவையே இல்லை. காஃபின் வேறு வழியில் மலிவாகக் கிடைக்கிறது. அசல் கோலா சாறு சேர்க்கும் சிறிய தயாரிப்பாளர்கள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருக்கிறார்கள். மருந்து, சத்துப்பொடி செய்பவர்களும் கொஞ்சம் வாங்குவார்கள். இவர்களுக்கு வேண்டியது காய்ந்த கொட்டை, அதுவும் சிறிய அளவில்.

நான் சில வருடங்கள் நைஜீரியாவில் முந்திரிக் கொட்டை வாங்கித் தூத்துக்குடிக்கு அனுப்பும் வேலையில் இருந்தேன். கோலா எங்கள் சரக்கு இல்லை. ஆனால் எங்களுக்கு லாரி பிடித்துக் கொடுத்த, வடக்கு நைஜீரியாவின் ஹவுசா இனத் தரகர்களில் சிலர் கோலாவிலும் இருந்தார்கள், அதனால் அந்த வியாபாரத்தைப் பக்கத்திலிருந்து பார்க்கக் கிடைத்தது.

நிஜமான வியாபாரம் ஆப்பிரிக்காவுக்குள்ளேயே நடக்கிறது. மரம் வளர்வது தெற்கே, மழைக்காட்டுப் பகுதியில். தின்பவர்கள் வடக்கே, வறண்ட நாட்டில். 19ஆம் நூற்றாண்டில் இன்றைய கானாவின் அசாந்தே காடுகளில் விளைந்த கொட்டை சலாகா சந்தைக்கு வந்து, அங்கிருந்து கழுதைகள் மேல் வடக்கு நைஜீரியாவின் கானோ வரைக்கும் போனது. மது விலக்கப்பட்ட முஸ்லிம் சமூகத்தில் கோலாவுக்குத் தடை இல்லை, அதனால் கிராக்கி குறையவே இல்லை. 1912இல் லாகோஸ்–கானோ ரயில் ஓடத் தொடங்கியது. தென்மேற்கு நைஜீரியாவின் யொருபா விவசாயிகளும் பெரிய அளவில் பயிரிட்டு அதில் வடக்கே அனுப்பினார்கள். இன்றும் லாகோஸுக்குப் பக்கத்து ஓகுன் மாநிலத்தில் சகாமு ஊர்ப்பக்கம் போனால் ஹவுசா வியாபாரிகள் தங்கி வாங்கி லாரியில் ஏற்றுவதைப் பார்க்கலாம். ஐவரி கோஸ்டில் அபிஜான் பக்கத்திலுள்ள அன்யாமா இதே மாதிரி ஊர். அங்கிருந்து மாலி, புர்கினா ஃபாசோவுக்குப் போகிறது.

இந்தச் சரக்கின் குணம் முந்திரிக்கு நேர் எதிர். முந்திரியை நன்றாகக் காயவைத்தால் நிம்மதி. கோலாவை மெல்பவனுக்கு ஈரம் இருக்க வேண்டும், கடித்தால் நொறுங்க வேண்டும். காயிலிருந்து எடுத்ததும் விதை மேல் வெள்ளைத் தோல் இருக்கும். தண்ணீரில் ஊறவைத்து அதை உரித்துக் கழுவுவார்கள். சில நாள் குவித்து வைத்து ஈரம் கசியவிட்டு, அகலமான பச்சை இலை விரித்த கூடையில் அடுக்கி மூடுவார்கள். அப்புறம்தான் உண்மையான வேலை: அவ்வப்போது கூடையைப் பிரித்து, கெட்டதைப் பொறுக்கி எறிந்து, இலையை மாற்ற வேண்டும். ஈரம் கூடினால் பூசணம், குறைந்தால் சுருக்கம். கூன்வண்டு உள்ளே புகுந்துவிட்டால் கூடையே போச்சு. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் மாதக்கணக்கில் இருக்கும். அறுவடை சமயத்தில் வாங்கி, வரத்து குறைந்தபின் விற்பவனுக்குத்தான் லாபம். வண்டுக்குப் பயந்து கண்ட பூச்சிமருந்தையும் அடிப்பவர்கள் உண்டு. வெளிநாட்டுத் துறைமுகத்தில் சோதனையில் சரக்கு மாட்டுவதற்கு அது ஒன்றே போதும்.

பயன்பாட்டைப் பற்றி அங்கே ஒரு பேச்சு உண்டு: விளைவிப்பவன் யொருபா, தின்பவன் ஹவுசா, கொண்டாடுபவன் தென்கிழக்கே உள்ள இக்போ. ஹவுசா ஊர்களில் கல்யாணப் பேச்சு, பெயர்சூட்டு விழா எதுவானாலும் கோலா பங்கிட்டாக வேண்டும். நம்மூரில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். லாரி ஓட்டுநர்கள் தூக்கம் வராமலிருக்க மெல்வார்கள். முதல் கடி கசப்பு, பிறகு தண்ணீர் குடித்தால் இனிக்கும்.

இக்போ வீட்டில் நடப்பதே வேறு. விருந்தாளி வந்தால் முதலில் கோலாத் தட்டு. அதை உறவுமுறை வரிசைப்படி கைமாற்றிக் காட்டித் திரும்ப வீட்டுக்காரரிடம் கொண்டுவருவார்கள். பெரியவர் வேண்டுதல் சொல்லி ஆசி கூறுவார். வேண்டுதல் இக்போ மொழியில்தான் இருக்க வேண்டும், கோலாவுக்கு ஆங்கிலம் காதில் விழாதாம். பெண்கள் கோலா உடைப்பது வழக்கமில்லை, இதைப் பற்றி இப்போது அங்கேயே வாக்குவாதம் நடக்கிறது. எத்தனை பிளவாகப் பிரிகிறது என்றும் பார்ப்பார்கள். நான்கு வந்தால் ஏகே, ஓரியே, ஆஃபோ, ங்க்வோ என்ற, இக்போ வாரத்தின் நான்கு சந்தை நாட்களோடு சேர்த்துச் சொல்வார்கள்.

வியாபாரிக்கு இதில் ஒரு முக்கியமான விஷயம் இருக்கிறது. சடங்குக்கு உகந்தது பல பிளவு கொண்ட அக்யுமினாட்டா இனம். வடக்கே லாரி லாரியாகப் போவது இரண்டாகப் பிளக்கும் நிட்டிடா இனம். யொருபாக்கள் குறி கேட்கப் போடுவதும் நான்கு பிளவுள்ளதைத்தான். பிரேசிலின் பயியா மாநிலத்தில் ஆப்பிரிக்க வழிவந்த கண்டோம்ப்ளே வழிபாட்டுக்காரர்களுக்கும் இது தேவைப்படுகிறது. அதனால் வாங்குபவர் வெறுமனே 'கோலா' என்று கேட்டால் எந்த இனம், பச்சையா காய்ந்ததா என்று திருப்பிக் கேட்காமல் விலை சொல்லக் கூடாது.

'பிட்டர் கோலா' என்று விற்பது முற்றிலும் வேறு மரம், கார்சீனியா இனம், நம் குடம்புளிக்குச் சொந்தக்காரன். இரண்டையும் குழப்பி விலைப்பட்டியல் அனுப்பும் ஆட்கள் நிறைய.

காகித வேலை என்று பார்த்தால் நைஜீரிய ஏற்றுமதி ஊக்குவிப்புக் கழகத்தில் பதிவு, வங்கி வழியாக ஏற்றுமதியைப் பதியும் என்எக்ஸ்பி படிவம், சரக்கில் பூச்சி, நோய் இல்லை என்று தாவரத் தனிமைப்படுத்தல் துறை தரும் சான்றிதழ் எல்லாம் வேண்டும். சுங்கக் குறியீடு 0802.70. அடுத்த எண் 0802.80 நம்ம பாக்கு. இந்தியாவுக்குக் கொண்டுவருவதாக இருந்தால் இங்கே இறக்குமதி அனுமதியை முன்பே வாங்குங்கள், சரக்கு கப்பலேறிய பிறகு ஓடினால் பயனில்லை. இங்கே யார் வாங்குவார்கள் என்பது தனிக் கேள்வி, எனக்குத் தெரிந்து பெரிய சந்தை கிடையாது.

உங்கள் நண்பரிடம் வாங்குபவரின் எழுத்துபூர்வமான ஆர்டரைக் கேளுங்கள். அது வந்தால் காய்ந்த நிட்டிடாவை முதலில் சிறிய அளவில் அனுப்பிப் பார்க்கலாம். பச்சைக் கொட்டையைக் கன்டெய்னரில் போடும் யோசனை இருந்தால், என் பணமாக இருந்தால் போட மாட்டேன்.